சாம்பல் மனிதனுக்கு ஏழு மதிப்பெண்

1978 நவம்பர் 2, வியாழன்

காலையிலிருந்து தூறல். தெருவில் பாவு நூலை நீட்டிக் காயவைக்க வழியில்லை. எதிர்வீட்டு நெசவுக்காரர்கள் வானத்தைப் பார்த்து முணுமுணுப்பு. எனக்கு ஐந்து பீரியட். தொண்டை கட்டல். உப்பு போட்ட வெந்நீர்.

மதியம் தலைமையாசிரியை (இனி த.ஆ.) கூப்பிட்டார். பெரிய பட்டுக்கடைக்காரர் வீட்டில் தொலைக்காட்சி வந்திருக்கிறதாம். வியாழன்தோறும் ஓர் ஆங்கிலத் தொடர் போடுகிறார்கள், ஆகாயக் கப்பல் கதை. வீட்டம்மாவுக்கு அதில் ஆசை, மொழி புரியவில்லை.

"நீ போய் தமிழ்ல சொல்லேன் கிரேஸ். ஒரு மணி நேரந்தானே."

நம் பள்ளியின் புதுக் கட்டடம் அவர்கள் கட்டிக் கொடுத்தது. வருடாவருடம் நான் இருப்பது யாராவது விடுப்பில் போன இடத்தில்தான். நிரந்தரம் ஆக்கச் சொல்லி எழுத வேண்டியவர் த.ஆ. ஆகவே அது கேள்வி இல்லை.

வீட்டில் சொன்னதும் மகள் லில்லி குதித்த குதி! பதினொரு வயதில் இத்தனை குதிக்க முடியும் என்பதே மறந்துவிட்டது எனக்கு. என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரி வேலை முடிந்து அப்போதுதான் வந்தார், சட்டையெல்லாம் டிங்சர் வாசனை. "உனுக்கு ஏற்கனவே தொண்ட போச்சு. இதுல ஊருக்கெல்லாம் கதை வேற சொல்லப் போறியா?" என்றார்.

ஏழரைக்கு அங்கே. பெட்டிக்கு மரக்கதவு, பூட்டு, சந்தனம், குங்குமம். மொட்டைமாடியில் ஒருவர் ஆன்டெனா கம்பத்தைத் திருப்ப, கீழிருந்து கத்தல்: "இன்னும் கொஞ்சம்... ஆங், அப்டியே வுடு... போச்சு!" படம் முழுக்க எறும்பு. பிறகு தெளிந்தது.

வீட்டம்மா வள்ளியம்மாள். அறுபது இருக்கும். நல்ல சிரிப்பு. மருமகள் யார் என்று பார்த்தால் சுகுணா! என்னிடம் படித்தவள், ஆங்கிலத்தில் அந்த வருடம் பள்ளிக்கே முதல். அவளே நாற்காலி தூக்கி வந்து கூடத்தில் பெட்டிக்கு நேராகப் போட்டாள். லில்லி அந்த வீட்டுப் பிள்ளைகளோடு பாயில்.

கதை: கப்பல் பழுதாகி ஏதோ ஒரு கிரகத்தில் விழுகிறது. அங்கே இரண்டு சூரியன். தண்ணீர் இல்லை. கிரகத்து ஜனங்கள் சீட்டி அடிப்பது போலப் பேசுகிறார்கள். அவர்களில் ஒருவனுக்கு மட்டும் ஆங்கிலம் தெரியும். சாம்பல் நிறம், புருவம் இல்லை. பேர் ஓரன் என்று காதில் விழுந்தது.

எவ்வளவு வேகமாகப் பேசுகிறார்கள்! ஒரு வாக்கியத்தை நான் முடிப்பதற்குள் மூன்று போய்விடுகிறது. "புவியீர்ப்பு" என்றேன், ஒருவருக்கும் புரியவில்லை. "கீழே இழுக்குது" என்றேன், புரிந்தது. இரண்டு சூரியன் என்றதும் பின்னாலிருந்து ஒரு நெசவுக்காரர்: "அப்ப பாவு சட்டுனு காஞ்சிடும்பா!" எல்லாரும் சிரிப்பு. வள்ளியம்மாள்: "அந்த ஊர்ல கோயிலே கெடையாதா டீச்சர்மா?"

விடைத்தாள் திருத்திய பழக்கம், விடவில்லை. பத்துக்கு:

காப்டன் 4. இடுப்பில் கை வைத்து நிற்கிறான், அதுதான் நடிப்பு.
டாக்டரம்மா 5. கப்பலே நொறுங்குகிறது, கொண்டை கலையவில்லை.
இஞ்சின் பையன் 3. கத்தல்.
சாம்பல் மனிதன் 7. அவசரப்படாமல் பேசுகிறான். எங்கே ஆங்கிலம் கற்றான் என்று மட்டும் சொல்லவில்லை. நான் படாத பாடு பட்டுக் கற்றது அவனுக்கு ஆகாயத்திலிருந்து விழுந்திருக்கிறது. அதற்கு ஒன்று குறைக்கலாம். குறைக்கவில்லை.

4, சனி

அரைநாள் பள்ளி. ரேஷனில் சர்க்கரை இல்லை. குடையில் கம்பி ஒடிவு.

லில்லி புருவத்தை விபூதியால் மறைக்கப் பார்த்தாள். விபூதி எங்கிருந்து என்று கேட்டால் எதிர்வீட்டில் வாங்கினாளாம். பாஸ்டர் பார்த்தால் தொலைந்தேன். முகத்தைக் கழுவச் சொன்னேன். சீட்டி அடித்துக்கொண்டே கழுவினாள்.

9, வியாழன்

மழை இல்லை, புழுக்கம். காலை ஒன்பதாம் வகுப்பில் இருவர் மயக்கம், வெறும் வயிறு. மாலையில் கால் வீக்கம். போக மனமே இல்லை. லில்லி நாலு மணிக்கே தலை பின்னி, ரிப்பன் கட்டி, வாசலில்.

இன்று நாற்காலி கூடத்தில் இல்லை. முற்றத்துப் பக்கம், ஜன்னலை ஒட்டி, வெளியே. வள்ளியம்மாள் சொன்ன காரணம் நியாயமாகத்தான் இருந்தது: "முத்தத்துல தறிக்காரங்க வூட்டு ஜனமெல்லாம் வந்து நிக்கிது டீச்சர்மா. ஜன்னல்ல உக்காந்து சொன்னா ரெண்டு பக்கமும் கேக்கும்." முற்றத்தில் முப்பது பேராவது இருப்பார்கள், உண்மைதான். ஜன்னல் கம்பி வழியாகப் படம் பாதி தெரிந்தது. மீதியைக் காதால் பிடித்தேன். சுகுணா என்னைப் பார்க்கவில்லை.

லில்லி உள்ளே, போன வாரம் போலவே பாயில் முன்வரிசை. அது போதும்.

காப்பி வந்தது. உள்ளே எல்லாருக்கும் எவர்சில்வர் டம்ளர். எனக்குக் கண்ணாடி கிளாஸ். சூடாக இருந்தது. தொண்டைக்கு இதம்.

கதை: ஓரன் கிரகத்து ஜனங்களிடம் பேசிக் கப்பல்காரர்களுக்குத் தண்ணீர் வாங்கித் தருகிறான். ஆனால் அவன் மூச்சில் விஷம் இருக்கலாம் என்கிறாள் டாக்டரம்மா. கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிற்க வைத்து, சின்னத் துளை வழியாகப் பேச வைக்கிறார்கள். அவன் கொண்டு வந்த பாத்திரத்தை நீல வெளிச்சத்தில் காட்டிவிட்டுத்தான் உள்ளே எடுக்கிறார்கள்.

காப்டன் இன்று 3. டாக்டரம்மா 4, விஷம் உண்டா என்று சோதித்துக்கூடப் பார்க்கவில்லை, என்ன டாக்டர்? ஓரன் 7, மாற்றமில்லை.

10, வெள்ளி

அவரிடம் நாற்காலி விஷயத்தைச் சொன்னேன். சாதாரணமாகச் சொல்வது போல.

"அட, அந்தக் கதையில வர்றவனும் ஜன்னல்ல நிக்கிறான், நீயும் ஜன்னல்ல உக்காந்துக்கினு இருக்கே."

"அவன் சாம்பல். நான் பி.ஏ., பி.டி."

சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை. "நின்னுடேன் கிரேஸு. உடம்பு முடியலன்னு சொல்லு."

"வேலை நிரந்தரம் ஆவட்டும். அப்புறம் லில்லி ஆசைப்பட்றா."

எனக்கு இதெல்லாம் பழக்கம். சிறுமியாக முசரவாக்கத்திலிருந்து இந்த ஊர்ப் பள்ளிக்கு நடந்து வந்த காலத்தில் தண்ணீர்ப் பானையை நானே தொட்டதில்லை, மொண்டு ஊற்றுவார்கள். அதற்கு இது எவ்வளவோ மேல். நாற்காலி இருக்கிறது, காப்பி இருக்கிறது. லில்லி உள்ளே இருக்கிறாள். அவளுக்குப் பழக்கம் இல்லை, பழகவும் வேண்டாம்.

16, வியாழன்

எழுதக் கை வரவில்லை. ஆனாலும்.

வீட்டம்மாவின் நாத்தனார் ஆரணியிலிருந்து வந்திருக்கிறார். கூடத்தின் நடுவில் சாய்வு நாற்காலி அவருக்கு. நான் ஜன்னலில். முற்றத்தில் கூட்டம் போன வாரத்தைவிட அதிகம்.

கதை: புழுதிப்புயல். கிரகத்து ஜனங்களுக்குக் கப்பல்மேல் கோபம். ஓரன் நடுவில் நின்று இரண்டு பக்கமும் பேசிப் பேசிப் புறப்பட அனுமதி வாங்குகிறான். புயல் நெருங்குகிறது. அவனை உள்ளே விடலாம் என்று இஞ்சின் பையன் மட்டும் கத்துகிறான் (முதல் தடவையாக அவன் கத்தல் எனக்குப் பிடித்தது). கதவு திறக்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று ஓரன் சொல்கிறான்: உங்களுக்கு நன்றி. நீங்கள் என்னோடு பேசினீர்களே, அது போதும் எனக்கு.

இதைத் தமிழில் சொல்ல வாயெடுத்தேன். அந்த நேரம் பார்த்து ஜன்னல் வழியாக, ஆரணி அம்மாள் முன்னால் குனிந்து லில்லியின் தோளை விரலால் தட்டுவது தெரிந்தது.

"யார் வூட்டுப் பொண்ணு நீ?"

"டீச்சர் பொண்ணு."

"வூடு எங்க?"

லில்லி தெருவைச் சொன்னாள். பளிச்சென்று, வகுப்பில் பதில் சொல்வது போல. ஆரணி அம்மாள் வள்ளியம்மாளைப் பார்த்தார். வள்ளியம்மாள் படத்தைப் பார்த்தார். ஆரணி அம்மாள் தன் சேலை நுனியை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, கோபமே இல்லாமல், பிரியமாகக்கூட:

"பாப்பா, உங்கம்மா உன்னக் கூப்புட்றாங்க பாரு. வெளிய போ."

லில்லி எழுந்து, பிள்ளைகளைத் தாண்டித் தாண்டி, பின்வாசல் சுற்றி முற்றத்துக்கு வந்து என் எதிரே நின்றாள்.

"கூப்ட்டியாம்மா?"

முற்றத்து ஜனம் முழுதும் என் வாயைப் பார்த்துக்கொண்டு. ஓரன் என்ன சொன்னான் என்று காத்துக்கொண்டு. உள்ளிருந்து வள்ளியம்மாள்: "டீச்சர்மா, அவன் என்னா சொல்றான்?"

"ஆமா கூப்ட்டேன்," என்றேன் லில்லியிடம். "வூட்டுக்குப் போலாம்னு கூப்ட்டேன்."

எழுந்தேன். செருப்பைத் தேடக் கொஞ்ச நேரம் ஆனது. முற்றத்தில் ஒரு கிழவர், "இன்னும் முடியலியேம்மா, பொட்டி ஓடுதே," என்றார். அவருக்கு நான் பதில் சொல்லியிருக்கலாம். பாவம், அவர் என்ன செய்தார்? பின்னால் பெட்டியில் காப்டன் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டே இருந்தான்.

வழி முழுக்க லில்லி என் கையை விடவில்லை. தெருவிளக்கு எரியவில்லை, சேற்றில் என் ஒரு செருப்பு அறுந்தது. கையில் எடுத்துக்கொண்டு நடந்தேன்.

மதிப்பெண்: ஓரன் 3. அவனுக்கு அல்ல, அவனை எழுதியவனுக்கு. வெளியே நிறுத்தி வைத்தவர்களுக்கு நன்றி சொல்வானா ஒருவன்? எதற்காக அவன் அவ்வளவு நல்லவனாக இருக்க வேண்டும்? ஓர் இடத்திலாவது அவனுக்குக் கோபம் வந்திருந்தால் பத்துக்குப் பத்து போட்டிருப்பேன்.

17, வெள்ளி

காய்ச்சல் மாதிரி. காய்ச்சல் இல்லை. பள்ளிக்குப் போனேன். த.ஆ. பார்த்தும் பார்க்காதது போல.

சாயங்காலம் லில்லி கீரை ஆய்ந்துகொண்டே, தலை நிமிராமல்:

"நீ கூப்டலதானேம்மா?"

அவளிடமிருந்து பாதிக் கீரையை வாங்கி ஆயத் தொடங்கினேன்.

"நா உன்னப் பாத்துக்கினேதான் இருந்தேன். நீ வாயே தொறக்கல."

"தெரிஞ்சும் ஏன் வந்தே?"

"வரலன்னா அந்தம்மா இன்னொரு தபா சொல்லுவாங்க. எல்லாருக்கும் கேக்கும்."

பதினொரு வயது. அவளுக்குப் பழக்கம் இல்லை என்று போன வாரம் எழுதி வைத்திருக்கிறேன்.

அடுப்படியில் போய்ச் சும்மா நின்றேன். பால் பொங்கிவிட்டது.

18, சனி

மழை விடாமல். கூரை ஓட்டில் ஒழுகல், கூடத்தில் குண்டான்.

சுகுணா வந்தாள்! நனைந்துகொண்டு, ரிக்‌ஷாவைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு. அவளைப் பார்க்க எதிர்வீட்டு ஜன்னல்கள் எல்லாம் திறப்பு. உட்கார்ந்தாள். நம் ஸ்டூலில்தான், தயங்காமல். கண் சிவந்திருந்தது.

"டீச்சர், அத்தைக்கு அன்னிக்கி ராத்திரி சாப்பாடே எறங்கல. ஆரணி அத்தை திங்கக்கெழமை ஊருக்குப் போறாங்க. அதுக்கப்புறம் நீங்க வரலாம்னு..."

"வரலாம்னு யாரு சொன்னாங்க?"

"அத்தைதான். நீங்க வந்தப்புறம்தான் அவங்களுக்குக் கதையே புரிஞ்சிது. அவன் என்னா சொன்னான்னு கேட்டுக்கினே இருக்காங்க, அந்தக் கண்ணாடிக்கு வெளிய நின்னானே, அவன்."

"உனக்குத்தான் தெரியுமே சுகுணா. ஏன் சொல்லல?"

தலை குனிந்துகொண்டாள். மாமியார், மாமனார், வீட்டு ஆண்கள், எல்லார் முன்பும் மருமகள் குரல் எடுத்துப் பேசுவதாவது!

தண்ணீர் கொண்டு வரச் சொன்னேன். லில்லி கழுவித் துடைத்துக் கொண்டு வந்து நீட்டினாள்.

"வேணாம் கண்ணு. இப்பதான் குடிச்சிட்டு வந்தேன்."

லில்லி டம்ளரோடு இரண்டு நொடி நின்றாள். பிறகு அந்தத் தண்ணீரை அவளே குடித்துவிட்டு உள்ளே போனாள். சுகுணாவின் முகம் என்ன ஆயிற்று என்று எழுத எனக்குச் சக்தி இல்லை. அவள் கெட்ட பெண் அல்ல. என் மாணவிகளிலேயே நல்ல பெண். அதனால்தான் அலுப்பாக இருக்கிறது.

20, திங்கள்

இரண்டாவது பீரியடில் ப்யூன் வந்து த.ஆ. அழைப்பதாகச் சொன்னார். அறையில் வள்ளியம்மாள். மேசைமேல் ஒரு தட்டில் பழம், பூ. அவருக்கு மூச்சிரைப்பு, மாடிப்படி ஏறி வந்திருக்கிறார்.

"டீச்சர்மா, நான் ஒண்ணும் பாக்கறவ கெடையாது. நாத்தனார் வந்த எடத்துல என்னா பண்றது சொல்லுங்க. கோச்சிக்கினு பாதியில எழுந்து போயிட்டீங்களே."

த.ஆ.: "கிரேஸ், அம்மாவே நேர்ல வந்திருக்காங்க. இந்த வியாழக்கிழமை கடைசிப் பகுதியாம்."

நின்றுகொண்டிருந்தேன். கையில் சாக்பீஸ் தூள். என்ன சொல்வது என்று மூன்று நாளாக யோசித்து வைத்ததெல்லாம் ஒன்றும் நினைவில்லை. வந்தது இதுதான்:

"அம்மா, என் நாற்காலி எங்க போட்டாலும் பரவால்ல. என் பொண்ணு உள்ள, பாயில, உங்க பேரப்பிள்ளைங்களோட உக்காரணும். யாரு ஊர்லேர்ந்து வந்தாலும். எழுப்பக் கூடாது. எழுப்பமாட்டேன்னு சொல்லுங்க, வரேன்."

வள்ளியம்மாள் என்னைப் பார்த்தார். உண்மையாகவே யோசித்தார். பொய் சொல்ல வராத மனுஷி. சொல்லியிருந்தால் நான் போயிருப்பேன்.

"நான் எப்டிம்மா அப்டிச் சொல்றது? பெரிய வூடு. நாலு பேரு வர எடம்."

"சரிங்கம்மா."

"அப்ப கதைய யாரு சொல்றது?"

"சுகுணா சொல்லுவா. எங்கிட்டப் படிச்ச பொண்ணு. என்னவிட நல்லா சொல்லுவா."

"மருமவளா? அத்தினி பேரு முன்னாடியா?"

"கண்ணாடிக்கு வெளிய நின்னவன் என்னா சொன்னான்னு அவளுக்குத் தெரியும். கேட்டுக்குங்க."

வெளியே வந்துவிட்டேன். வகுப்புக்குத் திரும்பினால் எழுவாய் பயனிலை பாதியில் நிற்கிறது பலகையில். எங்கே விட்டேன் என்று கேட்டேன், பிள்ளைகள் சொல்லின. தொடர்ந்தேன்.

22, புதன்

வெயில். எல்லாத் தெருவிலும் பாவு நீட்டியிருக்கிறார்கள், சிவப்பு, மாம்பழம், மயில்கழுத்து. சைக்கிள் ரிக்‌ஷாவே போக முடியவில்லை.

கால அட்டவணை மாற்றம். யாரும் வேண்டாத 6-சி எனக்கு. கடைசிப் பீரியட் விளையாட்டு மேற்பார்வையும் எனக்கு. நிரந்தரம் பற்றி த.ஆ.விடம் கேட்டேன். "டிசம்பர் முடியட்டும், பாக்கலாம்." கோபமாகச் சொல்லவில்லை. பைலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

வீட்டில் அவரிடம் சொன்னபோது, தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே: "போனாப் போவுது. நான் இருக்கேன்ல." பிறகு ரொம்ப நேரம் கழித்து, "நல்லாத்தான் கேட்டிருக்கே," என்றார். குழம்பில் உப்பு இல்லை என்பதைக்கூடச் சொல்லவில்லை.

23, வியாழன்

ஏழரை. லில்லி கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டாள். பூகோளப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தாள். நான் 6-சி விடைத்தாள் கட்டை எடுத்தேன், இரண்டு தாளுக்குமேல் ஓடவில்லை. அவர் இன்று சீக்கிரம் வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"இந்நேரம் ஆரம்பிச்சிருப்பாங்க," என்றாள்.

"ஆமா."

"புயல்ல ஓரன் என்னா ஆனான்னு நீ சொல்லேன்மா."

"எனக்கு எப்படித் தெரியும்? நான் பாக்கலியே."

"அப்ப நான் சொல்லட்டா?"

சொன்னாள். எழுந்து நின்று, கையை வீசி, இடையிடையே சீட்டி அடித்து. அப்படியே எழுதுகிறேன்:

"ஓரன் வாய் தவறி தாங்க்யூன்னு சொல்லிட்டான்மா. புயல் சத்தத்துல. அப்புறம் யோசிச்சான், எதுக்கு நன்றின்னு. திரும்பி அவங்க ஜனத்துக்கிட்டப் போயிட்டான். அங்க அவனுக்கு வூடு இருக்குது, பசங்க இருக்காங்க. இவங்க கப்பல எடுத்துக்கினு மேல போனாங்க. மேல போனப்புறம் பாத்தா வழி தெர்ல. வழியில வேற கிரகத்துக்காரங்க வந்து எங்க போவணும்னு கேக்கறாங்க. இவங்களுக்கு ஒண்ணும் புரியல. சொல்றதுக்கு ஆளு இல்ல. காப்டன் இடுப்புல கைய வெச்சிக்கினு நிக்கிறான். இன்னும் அங்கியேதான் சுத்திக்கினு இருக்காங்க."

"பாவம், அந்த இஞ்சின் பையன்?" என்றார் அவர்.

லில்லி யோசித்தாள். "அவன் மட்டும் குதிச்சிட்டாம்பா. ஓரன் வூட்ல இருக்கான்."

எத்தனை நாளைக்குப் பிறகு சிரித்தேன் என்று தெரியவில்லை. வயிறு வலித்தது. கண்ணில் நீர். அவர் சீட்டி அடித்துப் பார்த்தார், காற்றுதான் வந்தது.

பத்துக்கு? போடவில்லை. சொந்தப் பிள்ளைக்கு எப்படிப் போடுவது.

24, வெள்ளி

பள்ளி விட்டு லில்லியோடு வரும்போது பூக்கடை ஓரம் சுகுணா. என்னைப் பார்த்ததும் ஓடி வந்தாள்.

"டீச்சர், நான்தான் நேத்து சொன்னேன்! மொதல்ல குரலே வர்ல. மாமா 'சத்தமா சொல்லும்மா'ன்னாரு. நின்னுக்கினே சொன்னேன், கடைசி வரைக்கும். அத்தை அழுதுட்டாங்க."

அவள் முகத்தில் அந்த வெளிச்சத்தைப் பத்தாம் வகுப்பில் பார்த்தது. சந்தோஷமாகத்தான் இருந்தது எனக்கு. இருந்தது, பொய் இல்லை.

பிறகு அவள் லில்லி பக்கம் குனிந்து, "லில்லி, கடைசில ஓரன் என்னா ஆனான் தெரியுமா? சொல்லட்டுமா?" என்றாள்.

லில்லி என் பையைத் தன் தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"வேணாங்க்கா. எங்க வூட்ல அது நேத்தே முடிஞ்சிடுச்சி."

நடந்தோம். மறுபடி இருட்டிக்கொண்டு வருகிறது. 6-சி கட்டு அப்படியே கிடக்கிறது.